உயிரோடு இருந்தவருக்கு ஒரு மலர்வளையம்

துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், செத்துப்போனவர் கையாலேயே கேக் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள் இந்த ஜில்லாவில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்து மூன்று பேர். அதில் ஒருத்தி நான். மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. கப்பல் வருவதற்கு முன் ஒரு கட்டுக் காகிதம், வந்த பிறகு ஒரு கட்டு, போன பிறகு ஒரு கட்டு. அவற்றை அடுக்கி, கையெழுத்து வாங்கி, அனுப்ப வேண்டும். தினமும் ஏரலிலிருந்து பஸ்ஸில் வந்து போனேன். இதுபோக ஆபீசில் எனக்குச் சம்பளமில்லாத ஒரு பதவியும் உண்டு. யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் காதுகுத்து, யார் வீட்டில் சாவு, யார் யார் போக வேண்டும், மாலையா பழத்தட்டா என்று முடிவுசெய்கிற பதவி. யாரும் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன். (இந்த மாதிரிப் பதவிகளைத்தான் விட மனசு வராது.)

இந்தச் சம்பவத்துக்குப் பத்து நாள் முன்பு தலைமை அலுவலகம் எங்களையெல்லாம் ஒரு ஹோட்டலில் உட்கார வைத்து ஒருநாள் வகுப்பு எடுத்தது. எங்கோ ஒரு கிளையில் தப்பான பெட்டி தப்பான கப்பலில் ஏறிவிட்டதாம். விசாரித்தால் ஒவ்வொருவரும், "அதுதான்னு நெனச்சேன்" என்றார்களாம். மனிதர்கள் ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். மனசு பெரிய சோம்பேறி, என்றார் அவர். குறுக்குச் சந்து கண்ணில் பட்டால் மெயின் ரோட்டில் போகாது. முதலில் காதில் விழுந்ததைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அதற்குத் தோதானதை மட்டும் பொறுக்கிக்கொண்டே போகும். தோதில்லாதது எதிரே வந்து நின்றால் அதையும் தட்டி வளைத்துத் தோதாக்கிக்கொள்ளும். நாலு பேர் தலையாட்டினால் ஐந்தாவது ஆளாகத் தானும் ஆட்டும்.

முதல் வரிசையில் உட்கார்ந்து எட்டுப் பக்கம் குறிப்பு எடுத்தேன். கடைசியில் வைத்த தேர்வில் எனக்குத்தான் முதல் மார்க்கு. அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் ஒருவராலும் நிம்மதியாக ஒரு முடிவு எடுக்க முடியவில்லை.

ரொசாரி அண்ணன் மணப்பாட்டுக்காரர். கப்பலுக்குள்ளேயே ஏறிப்போய் வேலை பார்த்துவிட்டு வருகிறவர். பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்தவர். அவர் ஒருநாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "மத்தியானத்துக்கு மேல மழ வரும்" என்றார்.

"அண்ணே, அது முன்முடிவு. நேத்து பெஞ்சத வச்சி இன்னைக்கும் பெய்யும்னு ஒங்க மனசு ஒங்கள ஏமாத்துது" என்றேன் நான்.

மூன்று மணிக்கு மழை வந்தது. நான் குடை கொண்டுபோகவில்லை. சாயங்காலம் அவர் தன் குடையை விரித்துக்கொண்டு, "ஏளா செண்பகம், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் முன்முடிவுக்குள்ள வாரியா?" என்று கேட்டார். போனேன். வேறு வழி இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மேனேஜர் ஜெயசிங் சார் சாத்தான்குளத்துக்காரர். அவருடைய அப்பா ஞானமுத்து சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அம்மா எஸ்தர் டீச்சரும் ஓய்வுபெற்றவர். இரண்டு பேரையும் நான் பார்த்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மேனேஜரின் கண்ணாடி அறைக் கதவு பாதி திறந்திருந்தது. போனில் அவர் பேசுவது என் மேஜை வரை கேட்டது.

"என்னம்மா சொல்லுதீங்க? அப்பா மேல போயிட்டாவளா?"

கேட்டபடியே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பக்கத்துல ஒருத்தருமே இல்லையா?"

கேட்டுக்கொண்டே மேஜை மேலிருந்த பையைப் பக்கத்தில் இழுத்தார்.

"இந்தா வாரேன்."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து, "அப்பா..." என்று ஆரம்பித்தார், கையை விரித்தார், போய்விட்டார்.

(உண்மையில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் ஞானமுத்து சாருக்கு எண்பதாவது பிறந்தநாள். வீட்டுக்கு சீரியல் லைட் கட்ட வந்த ஆள் ஒழுங்காகக் கட்டவில்லை என்று, அவரே ஏணியை எடுத்துப் போட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிவிட்டார். ஏறியவருக்கு இறங்கத் தைரியம் வரவில்லை. மேலே போனார், அவ்வளவுதான்.)

எனக்கு அந்த அரைநிமிடப் பேச்சே போதுமானதாக இருந்தது. அந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு சாவு வீட்டுக்குப் போய் வந்திருந்தேன். மனசு அந்தப் பாதையில் நன்றாக ஓடிப் பழகியிருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஜெயசிங் சார் ஒரு படம் போட்டார். அப்பாவின் பழைய கருப்பு வெள்ளைப் படம். நான்கு மூலையிலும் வெள்ளை லில்லிப் பூ. கீழே, "எங்கள் அன்புத் தகப்பனாரைக் கர்த்தர் இம்மட்டும் கைவிடாமல் நடத்தி வந்தார். இன்று மாலை நான்கு மணிக்கு இல்லத்தில் ஜெபக்கூட்டம். அனைவரும் வரவும்."

'இம்மட்டும்' என்ற சொல்லில் என் கண் போய் நின்றது. இதுவரைக்கும் நடத்தினார், இதற்கு மேல் நடத்தவில்லை என்றுதானே அர்த்தம். (பிறந்தநாள் என்ற சொல்லைப் போட சார் மறந்துவிட்டார்.) பஸ்ஸில் நின்றபடியே, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் "ஆழ்ந்த இரங்கல் சார்" என்று தட்டி, கும்பிடுகிற கை இரண்டு சேர்த்து அனுப்பினேன். குழுவில் முதல் ஆள் நான்தான். அதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு மளமளவென்று வந்தன. அழுகிற முகங்கள், எரிகிற மெழுகுவர்த்திகள், "அப்பா ஆன்மா சாந்தியடையட்டும்" என்று ஆங்கிலத்திலும் தமிழிலும். சென்னை தலைமை அலுவலகமே ஒரு நீண்ட செய்தி அனுப்பியது.

நான் ஆபீஸ் படியேறும்போது ரொசாரி அண்ணன் போனும் கையுமாக நின்றார்.

"ஏளா, யாருகிட்டயாச்சும் கேட்டியா? சார் போனு அடிச்சிகிட்டே கெடக்கு, எடுக்க மாட்டேங்காவ."

"துக்க வீட்ல எப்படிண்ணே போன் எடுப்பாவ?"

(எடுத்திருந்தால், 'பாவம், அழக்கூட விடாமல் எல்லாரும் கூப்பிடுகிறார்கள்' என்று சொல்லியிருப்பேன். உண்மையில் போன் சத்தத்தைக் குறைத்தபடி பீரோவின் மேல் சார்ஜில் கிடந்தது, சாயங்காலம் வரை யாரும் தொடவில்லை. சார் பிரியாணிக்காரரோடு கறி எடுக்கப் போயிருந்தார்.)

ரொசாரி அண்ணன் குழுவைத் திறந்து மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தார். ஆபீசில் அத்தனை பேரும் இரங்கல் போட்டிருந்தார்கள். இத்தனை பேர் விசாரிக்காமலா போடுவார்கள் என்று நினைத்து அவரும் ஒன்று போட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கால்வாசிச் சந்தேகமும் போயிற்று. ரொசாரி அண்ணனே போட்டுவிட்டார், அவர் விசாரிக்காமல் எதையும் செய்ய மாட்டார். ஆக, என்னை நம்பி அவரும் அவரை நம்பி நானும் ஒரு மனிதரை முழுசாகக் கொன்று முடித்தோம்.

சனிக்கிழமை, மதியத்தோடு ஆபீஸ் முடிந்துவிடும். அதற்குள் நான் கம்ப்யூட்டரில் ஒரு இரங்கல் உரை அடித்தேன். அடித்தேன் என்றால், முந்தின மாதம் ஒரு லாரி ஆபீஸ் அண்ணாச்சியின் தகப்பனாருக்கு அடித்து வைத்திருந்ததை எடுத்து, பேரை மாற்றி, இரண்டு இடத்தில் 'லாரி' வந்ததை எடுத்துவிட்டுக் 'கல்வி' போட்டேன். பிறகு பூக்கடையில் மலர்வளையம் சொன்னேன். பெரியது. குறுக்கே வெள்ளை ரிப்பனில் எழுத்து. வாடாமல் இருக்கக் கடைக்காரர் அதில் இரண்டு சொம்புத் தண்ணீர் தெளித்துக் கொடுத்தார்.

ஆபீஸ் வேனில் நானும் ரொசாரி அண்ணனும், டிரைவர் சுடலை அண்ணாச்சியும் கிளம்பினோம். மற்றவர்கள் பஸ்ஸில் வருவதாகச் சொன்னார்கள். (வரவில்லை. கடவுள் அவர்களைக் காப்பாற்றினார்.) ஏரலைத் தாண்டி, பனைகளைத் தாண்டி, சாத்தான்குளம் போய்ச் சேரும்போது மணி மூன்றரை. டீக்கடையில் வண்டியை நிறுத்தி, ஞானமுத்து வாத்தியார் வீடு எது என்று சுடலை அண்ணாச்சி கேட்டார்.

"நேராப் போங்க. பந்தல் போட்டிருக்கும். காலைலேருந்து சனம் போய்க்கிட்டேதான் இருக்கு. நல்ல மனுசன்" என்றார் கடைக்காரர்.

'நல்ல மனுசன்' என்பதில் வினைச்சொல்லே கிடையாது. இருக்கிறாரா, இருந்தாரா என்று அதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நான் இருந்தார் என்று எடுத்துக்கொண்டு, கைக்குட்டையை வெளியே எடுத்தேன்.

வீட்டு வாசலில் பந்தல். பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஆண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஆர்மோனியமும் மெதுவாக ஒரு பாட்டும் கேட்டன. எல்லாம் சரியாக இருந்தது. சுடலை அண்ணாச்சி மட்டும் வண்டிக்குள் இருந்தபடியே மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"செண்பகம், சாவு வீட்ல சீரியல் லைட்டு போட்டிருக்காவளே?"

"எம்பது வயசு அண்ணாச்சி. கல்யாணச் சாவு."

"தூண்ல பலூன் கட்டிக் கெடக்கே."

"பிள்ளைங்க கட்டியிருக்கும்."

"பிரியாணி வாசம் அடிக்குல்லா."

"வேதக்காரங்க வீட்ல பழக்கம் வேற அண்ணாச்சி" என்றேன். என் வகுப்புத் தோழிகளில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். அவர்கள் வீட்டுச் சாவுகளுக்குப் போயிருக்கிறேன். ஒன்றிலும் பிரியாணி போட்டதில்லை. அது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகமே வரவில்லை.

ரொசாரி அண்ணனிடம் வளையத்தை எடுத்து வரச் சொல்லிவிட்டு நான் பெண்கள் பக்கம் போனேன். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். சுற்றி நாலைந்து பெண்கள். அவர்தான் எஸ்தர் டீச்சர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. (அது ஒன்றுதான் அன்று நான் சரியாகக் கண்டுபிடித்தது. ஆனால் அந்தச் சேலை ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குக் கட்டுகிற சேலை.) "ஜெயசிங் சார் ஆபீஸ்லருந்து வாரேம்மா" என்று சொல்லி, அவர் கையைப் பிடித்தேன். சாவு வீட்டில் நான் சாமான்யமாக அழ மாட்டேன். மற்றவர்கள் அழுவதைப் பார்த்து லேசாகக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். அன்று என்ன ஆனதோ தெரியவில்லை. அவர் என் தலையைத் தடவிய மறுநிமிடம் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தேன்.

டீச்சர் என்னைத் தட்டிக் கொடுத்தார்.

"அழாதம்மா. எந்த ஊரு நீ?"

"ஏரலும்மா."

"கல்யாணம் ஆயிட்டா?"

கணவரைப் பறிகொடுத்த நேரத்திலும் என் கல்யாணத்தை விசாரிக்கிறாரே என்று எனக்கு இன்னும் பொங்கிக்கொண்டு வந்தது. "இல்லம்மா" என்பதற்குள் விக்கல் எடுத்துவிட்டது.

"எத்தன வயசாவுது?"

"இருபத்தெட்டு."

டீச்சர் சுற்றியிருந்த பெண்களைப் பார்த்தார். அவர்களும் டீச்சரைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது போல ஒரு பெருமூச்சு விட்டார்கள். ஒரு அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"எல்லாத்துக்கும் ஒரு நேரம் உண்டும்மா. நான் ஒனக்காக ஜெபம் பண்ணுதேன்" என்றார் டீச்சர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "சார் உள்ள படுத்திருக்காவ. கூட்டம் தொடங்கும் முன்ன ஒரு தடவ போய் முகத்தக் காட்டிட்டு வா."

உள்ளே போனேன். கட்டிலில் ஞானமுத்து சார் படுத்திருந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, இரண்டு கையும் வயிற்றின் மேல். தலைமாட்டில் பவுடர் வாசம். ஐஸ் பெட்டி இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மூக்கில் பஞ்சு இல்லை. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன், என்ன என்று இப்போது நினைவில்லை. வயிறு ஏறி இறங்குவது நன்றாகத் தெரிந்தது. ஃபேன் காற்றில் சட்டை ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். முதல் மார்க்கு வாங்கியவள் நான்.

பின்னாலேயே ரொசாரி அண்ணன் வளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் ஒரு குழப்பம் இருந்தது.

"ஏளா, கொஞ்சம் பொறு..."

"வைங்கண்ணே" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வைத்தார். வளையத்தில் ஊறியிருந்த இரண்டு சொம்புத் தண்ணீரும் ஞானமுத்து சாரின் நெஞ்சில் இறங்கியது.

"யாருல அது தண்ணியக் கொட்டுதது?" என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"சேசுவே, மரியே, சூசையே" என்று ரொசாரி அண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அந்த நொடியில்கூட என் மனசு விட்டுக்கொடுக்கவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். 'அடடா, உயிர் திரும்பிவிட்டதே, டீச்சரிடம் சொல்ல வேண்டுமே' என்றுதான் முதலில் தோன்றியது.

அவர் தலையணைக்கு அடியில் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். மடியில் கிடந்த வளையத்தைத் திருப்பினார். ரிப்பனை நீவிவிட்டு, நிதானமாக வாசித்தார்.

"தலைமையாசிரியர் ஞானமுத்து அவர்களுக்கு கண்ணீர் அஞ்சலி."

ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி. நான்காம் வேற்றுமைக்கு அடுத்து வல்லினம் மிகும். 'க்' எங்க?"

"கடைக்காரர் விட்டுட்டாருய்யா" என்றேன்.

அந்த நேரம் பார்த்து, கையில் கேக் பெட்டியோடு ஜெயசிங் சார் வாசலில் வந்து நின்றார். அப்பா சட்டை நனைந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் மலர்வளையம். ஒரு பக்கம் நான் அழுது வீங்கிய முகத்தோடு. மறுபக்கம் சுவரில் ரொசாரி அண்ணன். சார் ரிப்பனை வாசித்தார். அவருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், காது மட்டும் சிவக்கும். இரண்டு காதும் சிவந்தன.

பீரோ மேலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். அவர் விரல் தள்ளிக்கொண்டே போனது. தள்ளத் தள்ள இரங்கல். அவர் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். முதலில் என் பேர். கீழே கும்பிடுகிற இரண்டு கை. கடைசியில் கொச்சிக் கிளை மேனேஜர் அனுப்பிய செய்தி: அவர் மனைவியோடு கிளம்பிவிட்டார், பாதி வழி வந்தாயிற்று.

வேலை போயிற்று என்று நினைத்தேன். என் அப்பாவுக்குக் காலில் சர்க்கரைப் புண், வீட்டில் என் சம்பளம்தான் பிரதானம். ஏரலுக்குப் போய் என்ன சொல்வேன் என்று அப்போதே வாக்கியங்களை யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"ஜெயசிங், காது செவக்காத" என்றார் ஞானமுத்து சார். "ஏம்மா, வளையம் கொண்டாந்தா பேச்சும் எழுதிக் கொண்டாந்திருப்பியே. எங்க?"

என் கை தானாகவே கைப்பையில் போய்விட்டது. அதைக் கொடுக்காமல் இருக்க முடியும் என்றுகூடத் தோன்றவில்லை. வாத்தியார் குரலுக்கு அப்படி ஒரு சக்தி. அவர் வாங்கி, மனசுக்குள் வாசித்தார். தோள் மெல்லக் குலுங்கியது. பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு, அந்தக் காகிதத்தோடு நேராகப் பந்தலுக்குப் போனார். போதகர் ஐயா ஜெபம் முடித்து, பாட்டும் முடிந்து, யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றதும் இவரே எழுந்தார்.

"எனக்கு இரங்கல் வந்திருக்கு. நானே வாசிக்கேன். இந்தக் கொடுப்பினை யாருக்குக் கெடைக்கும்" என்றார்.

முழுசும் வாசித்தார். "எளிமையின் சிகரம்" என்ற இடத்தில் நிறுத்தி எஸ்தர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர், "சட்டைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவ இஸ்திரி" என்றார். கூட்டம் சிரித்தது. "யாரையும் கடிந்து பேசியறியாதவர்" என்ற இடத்தில் பின்வரிசையில் இருந்த பழைய மாணவர்கள் இருமினார்கள். அடுத்த வரிக்கு வந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"'இவரது மறைவு போக்குவரத்துத் துறைக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு.' நான் சைக்கிள்தான் ஓட்டியிருக்கேன். அதுவும் ஒருதடவ கொளத்துக்குள்ள விட்டுட்டேன்."

லாரியை இரண்டு இடத்தில் எடுத்தேன் என்று சொன்னேன் அல்லவா. மூன்றாவது இடம் அதுதான். நான் நாற்காலியில் இருந்தபடியே பூமிக்குள் போக ஏதாவது வழி இருக்கிறதா என்று கால் பெருவிரலால் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ரொசாரி அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பார்க்கத் தைரியமில்லை. கடைசியில் கேக் வெட்டினார்கள். முதல் துண்டு பேரப்பிள்ளைகளுக்கு. இரண்டாவது துண்டை ஞானமுத்து சார் என் கையில் வைத்து, "சாப்பிடு. பேயி குடுத்ததுன்னு பயப்படாத" என்றார். ரொசாரி அண்ணனுக்கும் சுடலை அண்ணாச்சிக்கும் அவரே எடுத்துக் கொடுத்தார். பிரியாணியும் சாப்பிட்டோம். சுடலை அண்ணாச்சி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வேனில் ஏறியதும் ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: "நான் பலூனப் பாத்து அப்பவே சொன்னேன்."

திங்கட்கிழமை ஜெயசிங் சார் கூப்பிட்டார். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார். இரங்கல் அனுப்பிய ஒவ்வொருவரையும் நானே கூப்பிட்டு, அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். சுலபமான வேலை என்று நினைத்தேன். இறந்துவிட்டார் என்றபோது ஒருவரும் என்னிடம் ஆதாரம் கேட்கவில்லை. இருக்கிறார் என்றபோது எல்லாரும் கேட்டார்கள். ஒரு பெரியவர், "மனசத் தேத்திக்கம்மா, அதிர்ச்சில அப்படித்தான் தோணும்" என்று ஆறுதல் சொல்லி வைத்துவிட்டார். தலைமை அலுவலகத்தில் ஒரு அதிகாரி எழுத்தில் வேண்டும் என்றார். 'திரு. ஞானமுத்து அவர்கள் தற்போது உயிருடன் உள்ளார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று ஆபீஸ் தாளில் அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இத்தனை வருஷத்தில் நான் அனுப்பிய காகிதங்களில் திருத்தம் கேட்டுத் திரும்பி வராதது அது ஒன்றுதான். நல்லது கெட்டது பார்க்கிற பதவி அன்றோடு ரொசாரி அண்ணனுக்குப் போயிற்று.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஆபீஸ் கதையாகப் போயிருக்கும். பத்து நாள் கழித்து எஸ்தர் டீச்சர் போன் செய்தார்.

"செண்பகம், அன்னைக்கு அந்த அழுகை அழுதியே. அதுக்கு ஒரு வழி பாத்திருக்கேன். என்கூட வேல பாத்த டீச்சரோட மகன். தூத்துக்குடியில மருந்துக்கடை வச்சிருக்கான். ஒங்க ஆளுங்கதான், ஏரல்ல ஒங்க அப்பாவையும் அவங்களுக்குத் தெரியும்."

"அம்மா, நான் சார் போயிட்டாவன்னு நெனச்சிதாம்மா அழுதேன்."

"அது தெரியும். வளையம் தப்பா வரும். அழுகை தப்பா வராதும்மா. முன்னபின்ன பாக்காத கெழவனுக்காக எந்தப் பிள்ளையும் அப்படி அழாது. நான் முப்பத்தஞ்சு வருசம் பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருந்தவ."

வகுப்பில் படித்த அத்தனை தவறுகளையும் அந்த அம்மா ஒரே மூச்சில் செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டார், உண்மை வந்து நின்ற பிறகும் விடவில்லை. எட்டுப் பக்கக் குறிப்பில் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். ஆனால் சொல்லவில்லை. அந்த வருஷம் மூன்று வரன்கள் வீடு வரை வந்து தட்டிப்போயிருந்தன. மூன்றாவது வரன் தட்டிப்போனது அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. ஆபீசில் யாரிடமும் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. நானே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருந்துக்கடைக்காரர் வந்து பார்த்தார். ஆறாவது மாதம் கல்யாணம்.

ஞானமுத்து சார் முன்வரிசையில் உட்கார்ந்து, அழைப்பிதழில் இரண்டு ஒற்றுப்பிழை கண்டுபிடித்தார். (இப்போதும் நன்றாக இருக்கிறார். ஏணியைத்தான் வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.) எஸ்தர் டீச்சர் என் மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தாலி கட்டுவதற்கும் சாப்பாட்டுப் பந்திக்கும் நடுவில் இருந்த அரைமணி நேரத்தில், கல்யாணம் ஆகவில்லையே என்று இந்தப் பெண் தன் தோளில் சாய்ந்து அழுத அழுகையை, விக்கல் உட்பட, முழுசாகச் சொல்லி முடித்திருக்கிறார். வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாண வீட்டில் எதற்குச் சாவுப் பேச்சு என்று விட்டுவிட்டாராம்.

ஆகவே, எங்கள் ஆபீசில் நான் உயிரோடு இருந்தவருக்கு வளையம் வைத்தவள். என் புகுந்த வீட்டில், கல்யாண ஏக்கத்தில் ஊர் பேர் தெரியாதவர் பிறந்தநாளுக்குப் போய் அழுதவள். என் கணவருக்கு இரண்டு கதையும் தெரியும். எந்த நாளில் எது வசதியோ அதை எடுத்துக்கொள்வார்.

ஒரு தடவை, நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் மாமியார் இந்தக் கதையை ஆரம்பித்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. அவர்கள் போன பிறகு எதிரே உட்கார்ந்து தெளிவாகச் சொன்னேன்.

"அத்தை, நான் கல்யாணத்துக்காக அழல. ஒருத்தர் செத்துப்போனதுக்காக அழுதேன்."

"யாரு செத்தது?"

"யாரும் சாகல அத்தை."

"பெறவு எதுக்கு அழுத?"

"அது வந்து..." என்று ஆரம்பித்தேன். மாமியார், "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.